வழிகாட்டி முன்னால் போகக் கூடாது

ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து, "உங்கள் குறைபாடு போதாது" என்று சொல்லுகிற தொழில் ஒன்று உலகத்தில் இருக்கிறது. அதைத்தான் நான் பதுளையில் செய்துகொண்டிருக்கிறேன்.

சம்பளத்துக்கு நான் இயன்மருத்துவர். முறிந்த கால்களை மடக்கவும் நீட்டவும் பழக்குவது என் வேலை. சில வருடங்களுக்கு முன்னால், மாற்றுத்திறனாளிகளுக்கான ட்ரையத்லன் போட்டியை ஊவா மாகாணத்திலும் நடத்தப்போகிறோம், தசையையும் மூட்டையும் அளக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று கொழும்பிலிருந்து கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் மாட்டிக்கொண்டேன். கூலி கிடையாது. ஒரு தொப்பியும் மத்தியானச் சோற்றுப் பார்சலும் உண்டு.

ட்ரையத்லன் என்றால், முதலில் நீந்த வேண்டும், கரையேறியதும் சைக்கிள் ஓட்ட வேண்டும், சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட வேண்டும். நடுவில் நிறுத்தம் இல்லை. இதில் சக்கர நாற்காலிக்காரர்கள் ஒரு வகை. நின்று ஓடக்கூடியவர்கள் குறைபாட்டின் அளவைப் பொறுத்து நாலு வகை. பார்வை இல்லாதவர்களும் மங்கலாகப் பார்க்கிறவர்களும் இன்னொரு வகை. யார் எந்த வகை, யார் எந்த வகையிலும் சேரமாட்டார் என்று சொல்வது நான். ஆள் பற்றாக்குறை என்று, போட்டி நடக்கும்போது விதி மீறுகிறவர்களைப் பிடிக்கிற வேலையையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். தான் எழுதாத சட்டத்தைத் தன் வாயால் சொல்லி ஏச்சு வாங்கியவர்கள், கிராமசேவகரோ, தபால் கந்தோர்க் கிளாக்கரோ, பஸ் கண்டக்டரோ, யாராக இருந்தாலும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். மற்றவர்களுக்கு இது விளங்காது.

பெரட்டில் சொன்ன செய்தி

வகை பிரிக்க நான் முதலில் போனது லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு. போட்டியில் சேர விருப்பமுள்ள மாற்றுத்திறனாளிகளை மட்டும் வரச் சொல்லுங்கள் என்று அங்குள்ள நலன்புரி உத்தியோகத்தரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். அவர் அதைக் கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். கணக்கப்பிள்ளை, காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் நின்று, உடம்புக்கு முடியாதவர்களைப் பார்க்கப் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து மிஸ் வருகிறது என்று அறிவித்துவிட்டார். நான் போய் இறங்கும்போது வரிசை வாசகசாலையைச் சுற்றிக்கொண்டு தண்ணீர்ப் பீலி வரைக்கும் நின்றது. சீனி வருத்தம், பிரஷர், மூச்சுமுட்டு, காது கேளாமை, தீராத தலையிடி. ஒருவர் தன் மாட்டுக்கு மருந்து கேட்டார்.

தசைப் பலம், மூட்டு அசைவு, உறுப்பு இழப்பு, கால் நீள வித்தியாசம், கட்டுப்பாடில்லாத அசைவு, பார்வை, இவைதான் எங்கள் கணக்கில் வரும் என்று வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மலையில் கொழுந்து பறித்துவிட்டு நேரே வந்த ஒரு பெண், கொழுந்துப் பையைச் சுவரோரம் வைத்து, சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினார். இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. வருஷக்கணக்காக வலி, படியிறங்க முடியவில்லை என்றார். ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், பார்க்கலாம், ஆனால் இந்தப் போட்டியில் வலியைக் கணக்கில் எடுப்பதில்லை என்று சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நிதானமாகப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "வலிய எந்தத் தொரையும் கணக்குல எடுத்ததில்லீங்க. நீங்களாச்சும் வாயத் தொறந்து சொன்னீங்களே, அது போதும்."

போதாத விரல்கள்

அன்றைக்கே, அதே வரிசையில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் வந்தார். கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. நல்ல உடம்புக்காரர், நீச்சல் தெரியும், சைக்கிளும் ஓட்டுவார். போட்டிக்கென்று புதுக் களுசானும் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையை அளந்தேன், பிடியை அழுத்திப் பார்த்தேன், திரும்பவும் அளந்தேன். குறைந்தபட்சம் இவ்வளவு இழப்பு இருந்தால்தான் சேர்க்கலாம் என்று ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்கு இரண்டு விரல் காணாது.

இதைச் சொல்வதற்கு நல்ல சொல் எதுவும் கிடையாது. பயிற்சியில் சொல்லித் தந்த வசனம் ஒன்று இருக்கிறது, "நீங்கள் தகுதி பெறவில்லை என்பது உங்களுக்குப் பாதிப்பு இல்லை என்று அர்த்தமாகாது" என்று. அதைச் சொன்னேன். கேட்டுவிட்டு அந்த மனிதர் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நட்டஈடு கேட்டப்ப தொழிற்சாலையிலயும் பத்தாதுன்னாங்க, இங்கயும் பத்தாதுங்கிறீங்க. எனக்கு மட்டுந்தான் மிஸ் இது போதுமா இருக்கு."

கலியாணத்துக்கு ஒரு கால்

இதற்கு நேர்மாறாக இன்னொன்று. பண்டாரவளையில் ஒரு பையனுக்கு இடது கால் நன்றாகக் கட்டை. பார்த்தவுடனே தெரிய வேண்டிய வித்தியாசம். ஆனால் அவன் உள்ளே வந்ததோ எந்தக் கோணலும் இல்லாமல். செருப்புக்குள் ரப்பர் துண்டுகளை அடுக்கி, மேலே நீளக் களுசான் போட்டு, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து நடக்கச் சின்ன வயதிலிருந்தே பழகியிருக்கிறான். கட்டிலில் படுக்கவைத்து அளந்தால்தான் உண்மை வெளியே வருகிறது. அளவு நாடாவை எடுத்ததும் கூட வந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பதுளைப் பக்கம் ஒரு பெண் பேசி முடிகிற நிலையில் இருக்கிறதாம். பெண் வீட்டாரின் சொந்தக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரியில் வேலையாம். நான் எழுதுவது அங்கே போய்விடுமாம்.

அப்படி எங்கேயும் போகாது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். பையன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். ஓட வேண்டும் என்ற ஆசை அவனுக்கு, அம்மாவுக்கு மருமகள் ஆசை. இரண்டுக்கும் நடுவில் நான் நாடாவோடு நின்றேன். கடைசியில் அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். "ஓடுறதுக்கு மட்டும் கால் கட்டைன்னு எழுதிக்கங்க மிஸ். கலியாணத்துக்கு ரெண்டும் சரியாத்தான் இருக்கு."

அண்ணன் கூடாது

செல்வராணி பூனாகலையிலிருந்து வந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லை. தூரத்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தவள். நீச்சலும் ஓட்டமும் அங்கே பழகியது. படிப்பு முடிந்து தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பியபின், அண்ணன் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பதுதான் அவள் வேலையாகிப் போனது. மாகாணத்தில் பார்வையில்லாத பெண்கள் பிரிவில் அவள் ஒருத்திதான். யாரையும் வெல்ல வேண்டியதில்லை. விதிப்படி போட்டியை முடித்தால் போதும், கொழும்பில் தேசியப் பயிற்சி முகாம். அங்கே தங்கிப் பழகலாம், வெள்ளைக்கோலோடு தனியாக நடக்கலாம், தன்னைப் போன்ற பெண்களோடு கதைக்கலாம். அதை அவள் கேட்டுத் தெரிந்துகொண்ட விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது, இந்தப் பிள்ளைக்கு இது எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று. சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. கேட்டால் எங்கே இல்லையென்று சொல்லிவிடுவேனோ என்ற பயம்.

கூட வந்த அண்ணன் சிவகுமார், தோட்டத்து லொறி ஓட்டுகிறவர், தங்கைக்கு வழிகாட்டியாகத் தானே ஓடப்போவதாக இரண்டு மாதமாகப் பழகியிருக்கிறார். வழிகாட்டி, போட்டியாளரின் பாலைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும், பெண்ணுக்குப் பெண்தான் என்று நான் சொன்னதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கூடப் பிறந்தவர்களுக்கு நடுவில் என்ன ஆண் பெண் என்று கேட்டார். விதி அப்படித்தான் என்றேன். செல்வராணி தலையை மட்டும் குனிந்துகொண்டாள்.

அப்போது கதவோரம் இடுப்பில் பிள்ளையோடு நின்ற சிவகுமாரின் மனைவி கலா, நான் ஓடுகிறேன் என்றார். பிறந்தது மொனராகலையில் ரப்பர்த் தோட்டம், வீட்டுக்குக் கீழே குளம், நீச்சல் நன்றாக வரும். சைக்கிளை இவர் பழக்கித் தரட்டும் என்று புருஷனைக் காட்டினார். சிவகுமார் சிரித்தார், நீ ஓடுவியா என்று. கலா பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அடுப்படியில இருந்து பெரட்டுக்கு, பெரட்டுல இருந்து மலைக்கு, மலையில இருந்து வீட்டுக்குன்னு தெனமும் ஓடிக்கிட்டுதானே மிஸ் இருக்கேன். கூட ஒரு ஆளு வந்தா எனக்கும் பேச்சுத்தொணை."

மூன்றுக்கும் மூன்று இடம்

வழிகாட்டிக்கு விதி சொல்லிக்கொடுப்பது லேசான காரியம் இல்லை. நீந்தும்போது இருவரையும் இழுத்தால் நீளும் ஒரு மீள்கயிறு இணைத்திருக்கும், வழிகாட்டி பக்கத்தில் நீந்த வேண்டும். சைக்கிள் இரண்டு பேர் மிதிக்கிற நீளச் சைக்கிள், அதில் வழிகாட்டி முன் இருக்கையில். ஓடும்போது திரும்பவும் கயிறு, பக்கத்தில் வரலாம், பின்னால் வரலாம், முன்னால் போகவே கூடாது. வாயால் வழி சொல்லலாம், இழுக்கக் கூடாது. முடிவுக் கோட்டைப் போட்டியாளர் தாண்டிய பிறகுதான் வழிகாட்டி தாண்டலாம். ஒரு தடவை மீறினால் எச்சரிக்கை, மறுபடியும் மீறினால் நீக்கம். இதையெல்லாம் கலாவுக்கு ஒப்புவிக்கும் அளவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவரும் ஒப்புவித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பழகுவதைப் பார்க்கப் பூனாகலைக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி மேலே நின்று பார்க்கிறேன், தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் இரண்டு பேரும் ஓடிவருகிறார்கள். அருமையான ஓட்டம். கலா முன்னால், செல்வராணி பின்னால். நான் அங்கிருந்தே கையை ஆட்டிக் கத்தினேன். கிட்ட வந்ததும் கலா தயக்கமாகச் சிரித்தார். தப்பு என்று தெரியும், ஆனால் இந்தப் பாதையில் இரண்டு பேர் சேர்ந்து போக இடம் எங்கே என்று கேட்டார். உண்மைதான். மலைப் பாதை ஒரு ஆள் அகலம். தோட்டத்தில் யாரும் யாரோடும் பக்கத்தில் நடப்பதில்லை, புருஷன் பெண்சாதிகூட ஒருவர் பின்னால் ஒருவர்தான். அப்படியானால் லொறிப் பாதையில் ஓடுங்கள் என்றேன். அங்கே நாய்த் தொல்லை, மதகில் உட்கார்ந்திருக்கும் இளவட்டங்களின் வாய்த் தொல்லை என்றார் கலா. அதையும் பார்த்துக்கொள்கிறேன் என்று, பிள்ளையோடு வந்து நின்ற சிவகுமார் சொன்னார்.

சரி, பாதைதான் ஒடுக்கம், செல்வராணியை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் போயிருக்கலாமே என்று கலாவிடம் கேட்டேன். விதிப்படி அது சரியாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. "பாதையில பாம்பு கெடந்தா யார மிஸ் மொதல்ல கடிக்கணும்? கண்ணு தெரிஞ்சவளத்தானே. அதுக்குத்தான் முன்னாடி போறேன்."

ஊரோடு தூக்குவது

பதுளையில் அவ்வளவு நீளத்துக்குச் சமதரை கிடையாது என்பதால் போட்டியை மொனராகலைப் பக்கம் ஒரு குளக்கரையில் வைத்தோம். நல்ல அகலத் தார்ரோடு. வெயில்தான் தாங்க முடியவில்லை. மலையிலிருந்து வந்த சனமெல்லாம் ஸ்வெட்டரோடு வந்து, கழற்றித் தலையில் போட்டுக்கொண்டு நின்றது.

சக்கர நாற்காலிப் பிரிவில் மாரிமுத்து என்று ஒருவர். மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். அவர் நீந்தி முடித்துக் கரைக்கு வந்ததும் தூக்கி நாற்காலியில் வைக்க, பெயர் பதிந்த உதவியாளர் மட்டும் தொடலாம் என்பது விதி. ஆனால் அவர்கள் தோட்டத்திலிருந்து ஒரு லொறி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். அங்கே யாருக்காவது வருத்தம் என்றால் கம்பளியில் கிடத்தி, லயத்து ஆண்கள் எல்லாரும் ஆளுக்கொரு ஓரம் பிடித்து ரோட்டு வரைக்கும் தூக்கிவருவதுதான் வழக்கம். யார் வருவது என்று அங்கே யாரும் கேட்பதில்லை, எல்லாரும் வருவார்கள். மாரிமுத்துவின் தலை தண்ணீருக்கு மேலே தெரிந்ததும் தடுப்புக் கயிற்றைத் தாண்டிக் கூட்டமே ஓடியது. நான் விசில் ஊதி ஊதி மூச்சு வாங்கி நிற்பதற்குள் அவரை அலுங்காமல் தூக்கி நாற்காலியில் வைத்து, துண்டால் தலையும் துவட்டிவிட்டார்கள். நேரத் தண்டனை கொடுத்தேன், வேறு வழி இல்லை. அவர்களுடைய தோட்டத்துக் கோவில் தலைவர் என்னிடம் வந்து நின்றார், சண்டைக்கு இல்லை, நிஜமாகவே விளங்காமல். "ஒரு ஆளுதான் தூக்கணும்னா, மத்த நாங்க எல்லாம் எதுக்குங்க மிஸ் வந்தோம்?"

பாயின் ஓரம்

செல்வராணியும் கலாவும் நீந்தி வந்ததைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டு தலையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே சீராக. சைக்கிளிலும் பிழை இல்லை. ஓட்டத்தில் நான் ஒரு மோட்டார்சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து அவர்களைத் தொடர்ந்து போனேன். பாதித் தூரத்தில் ரோட்டின் குறுக்கே ஒரு மாடு நடந்தது. கலா சட்டென்று செல்வராணிக்கு முன்னால் போய் நின்று மாட்டை விரட்டிவிட்டு, கயிற்றோடு முன்னாலேயே கொஞ்சத் தூரம் ஓடினார். என் வாயால்தான் எச்சரிக்கை சொன்னேன். உடனே பக்கத்துக்கு வந்துவிட்டார். அதன் பிறகு அவர் தன் காலைத் தானே பார்த்துப் பார்த்து ஓடியது தெரிந்தது. நான் எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியாமல் எல்லாச் சாமியையும் கும்பிட்டேன்.

முடிவுக் கோட்டில், வருகிறவர்களுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று எங்கள் ஆட்கள் ஒரு தும்புப் பாய் விரித்திருந்தார்கள். ஆணி அடிக்கவில்லை. குளத்துக் காற்றில் அதன் ஓரம் சுருண்டு எழும்பி நின்றது. செல்வராணி வேகமாக வந்துகொண்டிருந்தாள். சனம் கைதட்டியது. இன்னும் சில அடிதான். கலா அந்த ஓரத்தைக் கண்டார். ஒரு எட்டு முன்னால் பாய்ந்து, எழும்பி நின்ற பாயை வலது காலால் மிதித்து அமுக்கினார். செல்வராணி அதன் மேலே தடுக்காமல் ஓடிப்போய்ச் சிரித்துக்கொண்டு நின்றாள். கலாவின் அந்தக் கால் கோட்டுக்கு அந்தப் பக்கம், செல்வராணியின் காலுக்கு முன்னால்.

தலைமை நடுவர் கொழும்பிலிருந்து வந்த சிங்களவர், நல்ல மனிதர். அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். பாய் எங்கள் பிழை அல்லவா என்று நான் வாதாடினேன். பத்து நிமிஷம் வாதாடினேன். அவர் தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்தபடி, பாய்க்கு விதி எதுவும் இல்லை, வழிகாட்டிக்கு இருக்கிறது, இது இரண்டாவது தடவை, இதை விட்டுக்கொடுத்தால் நாளைக்குக் கொழும்பில் மற்றவர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எனக்கு அதுதான் அலுப்பு, இந்த வேலையில் எல்லாரிடமும் நியாயம் இருக்கும். தமிழ் தெரிந்தவர் என்று, போய்ச் சொல்ல வேண்டியவள் நானாகிப் போனேன்.

சொன்னேன். செல்வராணியின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை, மெதுவாகத்தான் போனது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமை. கலா அழவில்லை. பாயையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, ஏதோ கடையில் விலை கேட்கிற மாதிரிச் சாதாரணமாக என்னிடம் கேட்டார். நான் ஆமாம் என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது, அதுதான் உண்மை. அவர் கேட்டது இதுதான். "அப்ப நான் சும்மா இருந்து, அவ தடுக்கி விழுந்து, எந்திரிச்சுப் போயிருந்தா பாஸாங்க மிஸ்?"

முழங்கால்கள்

அடுத்த வருடத்துத் தெரிவுப் போட்டி அறிவித்ததும் இருவரும் ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். உண்மையைச் சொன்னால், வரமாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். வராமல் இருந்தால் எனக்கும் நிம்மதி என்றுகூட நினைத்தேன். கொழும்பிலிருந்து பழக்கப்பட்ட வேறு வழிகாட்டி ஒருவரை ஒழுங்கு செய்யலாமா என்று செல்வராணியிடம் கேட்டுப் பார்த்தேன். நல்ல ஓட்டக்காரி, விதியெல்லாம் தலைகீழாகத் தெரிந்தவர். செல்வராணி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அண்ணியோடுதான் ஓடுவாளாம்.

வழக்கம்போலப் படுக்கவைத்துக் காலைப் பார்த்தேன். இரண்டு முழங்காலிலும் காயம். சில இடத்தில் ஆறி, சில இடத்தில் காய்ந்து, சில இடம் இன்னும் பச்சையாக. உள்ளங்கையிலும் சிராய்ப்பு. முதலில் எனக்கு எதையெதையோ நினைத்துப் பயம் வந்தது. என்ன நடந்தது என்று கலாவைக் கேட்டேன். கலா சுவரில் ஒட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கீழுதட்டில் பல் பதிந்த தழும்பு இருந்தது.

செல்வராணிதான் சொன்னாள். இப்போது லொறிப் பாதையில் ஓடுகிறார்களாம், கல்லும் குழியுமாக இருக்கிற பக்கத்தில். அவள் முன்னால், அண்ணி பின்னால். கல் இருந்தால் அண்ணி வாயால் சொல்ல வேண்டும். சொல்லி முடிவதற்குள் கால் தட்டினால் தட்டட்டும், கிட்ட வரக் கூடாது, கையை நீட்டக் கூடாது என்று அண்ணியிடம் இவளே சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் காயத்தைத் துடைத்து மருந்து போட்டேன். அவள் முகம் சுளிக்கவே இல்லை, பின்னால் நின்ற கலாதான் ஒவ்வொரு தொடுகைக்கும் மூச்சை இழுத்துக்கொண்டார். அந்தச் சத்தம் வந்த பக்கம் செல்வராணி லேசாகத் தலையைச் சாய்த்தாள். "விழுறது எனக்குப் பழகிருச்சு மிஸ். அண்ணிக்குத்தான் பாத்துக்கிட்டு நிக்க இன்னும் பழகல."

எல்லாக் குறைபாட்டையும் வகை பிரித்து எழுத எனக்குப் பயிற்சி தந்தவர்கள், விழுகிறவளைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாத குறைபாடு எந்த வகையில் சேரும் என்று மட்டும் இன்றைக்கு வரைக்கும் சொல்லித் தரவில்லை.